கடைக்காரர் மாதம் 100 கிலோ கேட்கிறார், வங்கியோ கணவரைக் கேட்கிறது: என்ன செய்யலாம்?

கோரையாறு, மன்னார்குடி

எல்லோருக்கும் வணக்கம். மாப்பிள்ளைச் சம்பா அவல், கருப்புக் கவுனி புட்டு மாவு, சத்துமாவு மூன்றும் வீட்டிலேயே செய்து விற்கிறேன். பக்குவம் எல்லாம் மாமியார் சொல்லிக்கொடுத்தது. தெரிந்தவர்கள், பள்ளி ஆசிரியைகள், பிள்ளை பெற்ற பெண் இருக்கும் வீடுகள் என்று மாதம் முப்பது கிலோ போல ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தஞ்சாவூரில் ஒரு கடைக்காரர் மாதம் 100 கிலோ கேட்கிறார். சரக்கு போட்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணமாம்.

மாவு அரைக்கும் பல்வரைசர், பாக்கெட் ஒட்டும் மெஷின், ஒரு டிரையர் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆகும் என்று கொட்டேஷன் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். வீடு யார் பேரில் என்றார். மாமனார் பேரில். கணவர் எங்கே என்றார். சிங்கப்பூரில். "அவர் வரும்போது சேர்ந்து வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். அவர் வர அடுத்த வருடம் ஆகும். வரவு செலவு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை மேலாளர் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் மகளிர் குழுவில் கடன் வந்தால் பன்னிரண்டு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வோம். என் பங்கு மெஷினுக்கு எட்டாது. நுண்கடன் கம்பெனி ஆட்கள் மட்டும் வாசலுக்கே வந்து தருகிறோம் என்கிறார்கள். இரண்டு மூன்று இடத்தில் வாங்கிச் சேர்த்தால் மெஷின் வந்துவிடும். வாங்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அரிசலாறு, கும்பகோணம்

தங்கச்சி, எனக்கு ஐம்பத்தெட்டு வயது, உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன். வத்தல், வடகம், பழைய ரக அரிசி, அவல் எல்லாம் வெகுகாலமாகச் செய்து விற்கிறேன். அந்த நுண்கடனை இந்த வேலைக்கு வாங்காதே.

வட்டி அதிகம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம், நம் தொழிலுக்கும் அவர்கள் தவணைக்கும் மாதம் பொருந்தாது. ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் நாலு நாள் சேர்ந்தாற்போல வெயில் கிடைக்குமா? காய வைக்க முடியாது, வறுத்த மாவுகூட நமத்துப்போகும். கை ஓடாத அந்த மாதங்களிலும் தவணை நாள் தவறாமல் வரும். எங்கள் தெருவில் அப்பளம் போட்ட ஒரு பெண், நல்ல உழைப்பாளி, மூன்று இடத்தில் வாங்கியிருந்தாள். ஒரு அடைமழையில் வேலை நின்றது. தவணை கட்ட நாலாவது இடத்தில் வாங்கினாள், அப்புறம் சங்கிலி அடகுக்குப் போனது. கூட்டுப் பொறுப்பு என்பதால் அவள் தவணையைக் கூட இருந்த பெண்கள் தலையில் கட்டினார்கள். இன்றுவரை அவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடன் ஒருநாள் தீரும். பெண்களுக்குள் இருந்த அந்த ஒத்தாசை போனது எனக்கு இன்னமும் வருத்தம்.

இன்னொன்று. நீ மெஷின் மெஷின் என்கிறாய். எனக்கு நெல்தான் கவலை. மாப்பிள்ளைச் சம்பா கிட்டத்தட்ட 160 நாள் பயிர். சம்பாவில் நட்டால் தை, மாசியில் அறுப்பு, வருடத்துக்கு ஒரே போகம். மாதம் 100 கிலோ என்று ஒத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கான நெல்லை அறுப்புச் சமயத்திலேயே வாங்கி, காயவைத்து, மூட்டை கட்டி அடுக்கியாக வேண்டும். ஆடியில் தேடினால் விவசாயி வீட்டில் இருக்காது, வியாபாரி சொன்னதுதான் விலை. கடனை மெஷினில் போட்டுவிட்டு நெல்லுக்குக் கையில் காசில்லாமல் நின்றால் மெஷின் சும்மா கிடக்கும்.

அதனால் முதல் வருடம் கூலிக்கு அரை. மில்லில் சொல்லிவைத்துக் காலையில் முதல் ஆளாகப் போ. மிளகாய் அரைத்த மெஷினில் சத்துமாவு போட்டால் காரவாடை ஏறும், ஒரு குழந்தை துப்பினால் அந்த வீடு மறுபடி வாங்காது. கடைக்காரரிடம் 40 கிலோவில் ஆரம்பிக்கிறேன், பாதிப் பணம் கையில் கொடுங்கள் என்று சொல். பழைய ரகத்துக்கு இப்போது நல்ல கேட்பு இருக்கிறது. சரக்கு அவருக்கு வேண்டும், கொடுப்பார்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருவாரூர்

அம்மா, நான் கடன் பிரிவில் இருந்தவன். கும்பகோணம் அம்மா சொன்ன நெல் கணக்கை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை, ஆனால் அதுதான் சரி. நெல் வாங்குவது போன்ற அன்றாடச் செலவுக்கான பணத்தையும் (நடைமுறை மூலதனம்) விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேளுங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கு நீங்கள் கேட்கும் அளவுக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே வீடு மாமனார் பேரில் இருப்பது தடையே இல்லை. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். நீங்கள் கேட்பது கிஷோர். உணவுப் பொருள் என்பதால் 2020-ல் வந்த பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் திட்டம் இப்போதும் உண்டா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம், நம் கைப்பணம் குறைந்தது 10 சதவீதம் என்று அதில் இருந்தது.

போகும் முன் இரண்டு காகிதம் உங்கள் பேரிலேயே இருக்கட்டும். சிறு தொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு, கட்டணம் கிடையாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு. விற்ற பணம் முழுவதும் உங்கள் கணக்கிலேயே விழட்டும். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் திருப்பி அனுப்பிய விண்ணப்பம் எந்தக் கணக்கிலும் ஏறாது. இப்படி எத்தனை பெண்கள் திரும்பிப் போனார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

மூன்று மாதக் கெடுவுக்கும் பதில் உண்டு. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். முதல் பில்லிலேயே உத்யம் எண்ணைப் போடுங்கள்.

வேம்பு, வேதாரண்யம்

மெஷின் வாங்கும்போது பில் உங்கள் பேரில் இருக்கட்டும், அக்கா. சின்ன விஷயம் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்தபோது கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் பட்டா யார் பேரில் என்றுதான் முதலில் கேட்டார்கள். தோப்பில் பாடுபட்ட பெண்கள் பின்னால் நின்றார்கள். நிலமற்றவர்களுக்காகப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா தன் லாப்டி அமைப்பு மூலம் நாகை மாவட்டத்தில் நிலம் வாங்கிக் கொடுத்தபோது பெண்கள் பேரில்தான் பதிவு செய்தார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குப் புயல் கணக்கெடுப்பு நடந்த அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

கோரையாறு, மன்னார்குடி

அக்கா, சார், வேம்பு, மூன்று பேருக்கும் நன்றி. நுண்கடன் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாமியாருக்கு நிம்மதி. கடைக்காரரிடமும் பேசினேன். 40 கிலோவுக்குச் சரி என்றார். பாதிப் பணம் கையில் தர ஒப்பவில்லை, மூன்றில் ஒரு பங்கு தருகிறாராம். மீதி 45 நாளில் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.

உத்யம் பதிவை மகள் போனிலேயே போட்டுக் கொடுத்தாள். வங்கிக்கு இந்த முறை எழுத்தில்தான் கொடுக்கப் போகிறேன், மெஷினோடு தை மாத நெல்லுக்கும் சேர்த்து. அக்கா, ஒரு சந்தேகம் மட்டும்: ஒரு வருட நெல்லை அடுக்கினால் அந்துப்பூச்சி விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? எங்கள் வீட்டில் நொச்சி இலைதான் போடுவோம். இருபது மூட்டைக்கு அது போதுமா?

அரிசலாறு, கும்பகோணம்

நொச்சியோடு வேப்பிலையும் நிழலில் காயவைத்துப் போடு. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கு, சுவரில் ஒட்டக் கூடாது. நெல் நன்றாகக் காய்ந்திருப்பதுதான் முக்கியம், பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். சித்திரை வெயிலில் எல்லாவற்றையும் ஒருமுறை பிரித்துக் கொட்டிக் காயப்போட்டுவிட்டால் மழைக்காலம் வரை தாங்கும்.