புதுப்பிப்பு: அப்பாவின் கணைய அறுவைக்குப் பிறகு வந்த கசிவு

விப்பிள் அறுவை (கணையத்தின் தலைப்பகுதியை எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு தைப்பது) முடிந்தும், நீர் வெளியேற அப்பாவின் வயிற்றில் வைத்த குழாயில் நீர் வடிவது நிற்கவில்லை, மறுபடி அறுவை வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் அந்த நீரில் அமிலேஸ் (கணையம் சுரக்கும் செரிமான என்சைம்), ரத்தத்தில் இருக்கலாம் என்ற உச்ச அளவைவிட 3 மடங்குக்கு மேல். கணையத்தைக் குடலோடு தைத்த இடத்தில் கசிவு என்றார்கள். குழாயை எடுக்காமல் விட்டதில் மெல்ல மெல்லத் தானாகவே அடைபட்டது. குழாயோடுதான் குடியாத்தம் வீட்டுக்கு வந்தார். தினமும் நீரின் அளவையும் நிறத்தையும் நோட்டில் குறித்தோம். காய்ச்சல் வந்தாலோ, நீர் சிவப்பாக மாறினாலோ உடனே வேலூருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தாமதமான ரத்தக்கசிவு உயிருக்கே ஆபத்து. டிஸ்சார்ஜ் அன்றே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தயவுசெய்து.

இப்போது சாப்பாடுதான் கவலை. மலம் எண்ணெய்ப்பசையோடு மிதந்தது, எடையும் இறங்கியது. கொழுப்பு செரிக்கவில்லை என்று என்சைம் கேப்ஸ்யூல் எழுதினார் டாக்டர். முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. இப்போது பரவாயில்லை. வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கிறோம். நேற்று அவரே கேழ்வரகுக் களி கேட்டார். சர்க்கரை அளவையும் பார்த்து வருகிறோம். அப்புறம், அன்று பதில் எழுதி தைரியம் சொன்ன எல்லோருக்கும் அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.