விசார்ட்ரி: முதல் தளத்துலயே எல்லாரும் காலி, லெவலும் ஏற மாட்டேங்குது. உதவி!

மாடிப்படி_மன்னன்:
விசார்ட்ரிங்கற பழைய நிலவறை கம்ப்யூட்டர் கேம் ஆடிட்டிருக்கேன். முதல் தளமே தாண்ட முடியல. மூணு சண்டை போட்டா ரெண்டு பேர் போயிடறாங்க. மேஜ் (மந்திரவாதி) நாலு தடவை செத்தாச்சு, புதுசு புதுசா உருவாக்கிட்டிருக்கேன். அதைவிடக் கடுப்பு, முதல் ஃபைட்டருக்கு (போர்வீரன்) எக்ஸ்பீரியன்ஸ் புள்ளி 1180 ஆகியும் இன்னும் லெவல் 1தான். ப்ரீஸ்ட் (பூசாரி) மட்டும் எப்படியோ 2 ஆயிட்டான். இது பக் (நிரல் பிழை) தானா? சீக்கிரம் சொல்லுங்க, ராத்திரி ஆடணும்.

கிராஃப்_பேப்பர்:
"விசார்ட்ரி"ன்னா எது? மொத்தம் எட்டு பாகம். முதல் பாகம்னே வச்சுப்போம். 1981 ஆப்பிள் 2வா, டாஸா, ஃபேமிகாமா (நின்டெண்டோ மெஷின்), 2024ல வந்த புதுப்பதிப்பா? பார்ட்டில (ஆறு பேர் குழுவுல) யார் யார்? எந்த வரிசை? கையில எவ்வளவு காசு? டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொன்னா எப்படி? மேனுவலை ஒரு தடவை படிச்சிருந்தா இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது.

தூக்கமருந்து:
எந்த வெர்ஷனா இருந்தாலும் பதில் ஒண்ணுதான் ப்ரோ: கட்டினோங்கற தூக்க மந்திரம். புது மேஜ் ஹலிட்டோ, கட்டினோ ரெண்டும் தெரிஞ்சுதான் பிறக்கறான். முதல் லெவல்ல ரெண்டு தடவைதான் மந்திரம் போட முடியும். அதை ஹலிட்டோல வீணாக்காதீங்க. ஹலிட்டோ ஒரே ஒரு எதிரிக்கு 1 முதல் 8 வரை அடி. கட்டினோ ஒரு கும்பலையே தூங்க வைக்கும். தூங்கறவன்மேல அடி ரெண்டு மடங்கா விழும். ஆறு ஆர்க் வந்தா கட்டினோ, அப்புறம் வாள். தனியா ஒருத்தன் வந்தா ப்ரீஸ்ட்டோட பாடியோஸ் (தாக்கற மந்திரம்) போதும். கோபோல்ட், ரோக், புஷ்வேக்கர் எல்லாம் இதுல சாயும். ஸோம்பி, செத்த கோபோல்ட் மாதிரி உயிரில்லாததுங்க தூங்காது, அதுங்க வந்தா ஓடுங்க.

ரெண்டு கட்டினோவும் தீர்ந்துச்சா, உடனே படிக்குத் திரும்பணும். "இன்னும் ஒரே ஒரு கதவு"ன்னு திறக்கறப்போதான் எல்லாரும் சாகறாங்க.

போல்டாக்_கடன்காரன்:
கவசம் வாங்கினீங்களா? புதுசா உருவாக்கற ஒவ்வொருத்தன்கிட்டயும் நூத்திச் சொச்சம் காசு இருக்கும். எல்லாத்தையும் ஒரே ஆள்கிட்ட சேர்த்துக்கங்க. முன்வரிசை மூணு பேருக்கும் செயின் மெயில் (சங்கிலிக் கவசம்) 90, பெரிய கேடயம் 40, லாங் சோர்டு 25, ஆளுக்கு 155. ஏசி (ஆர்மர் கிளாஸ், கவச அளவு) 10லேர்ந்து 4க்கு இறங்கும். ஏசி எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. 100 காசு சேர்ந்ததும் ஹெல்மெட், ஏசி 3. அப்புறம் கோபோல்ட் அடிக்கற பாதி அடி காத்துலதான் போகும். மேஜுக்கு அங்கி 15, அது போதும்.

காசு பத்தலைன்னா சும்மா நாலு ஆளை உருவாக்கி, காசைப் பிடுங்கிட்டு அழிச்சிடுங்க.

கிராஃப்_பேப்பர்:
கடைசி வரி ஏமாத்து வேலை. மத்ததெல்லாம் சரி.

குட்டிச்சாத்தான்77:
மேஜ் நாலு தடவை சாகறான்னா வைட்டாலிட்டி (உடல் திடம்) கம்மி. ஆளை உருவாக்கறப்போ கிடைக்கற போனஸ் புள்ளி மொத்தத்தையும் அதுல போடுங்க.

பிட்டுக்குப்_பிட்டு:
@குட்டிச்சாத்தான்77 இதைத் திருத்தியே ஆகணும். வைட்டாலிட்டி 6லேர்ந்து 15 வரை உயிர்ப்புள்ளில ஒரு வித்தியாசமும் கிடையாது. 16க்கு +1, 17க்கு +2, 18க்கு +3. எல்ஃப் இனத்து ஆளுக்குப் பிறக்கும்போதே 6. அதை 12 ஆக்கினா அந்த ஆறு புள்ளியும் குப்பைல. (செத்தவனை எழுப்பறப்போ வைட்டாலிட்டி உதவும், அது வேற கதை.)

எல்ஃப் மேஜ்னா: ஐக்யூ 10 இருக்கும், மேஜாக 11 வேணும், ஒரு புள்ளி அங்க. மீதிய அஜிலிட்டில (சுறுசுறுப்பு) போடுங்க. எல்ஃபுக்கு அது 9. மொத்த போனஸ் 10 விழுந்தா அஜிலிட்டி 18 தொட்டுடும். அப்போ கும்பல் கை ஓங்கறதுக்கு முன்னாடி கட்டினோ விழும். மேஜ் செத்துட்டான்னா அவனுக்கு முறை பிந்தி வந்துச்சான்னு முதல்ல பாருங்க. 10க்கும் கீழ போனஸ் விழுந்தா விட்டுட்டு மறுபடி உருட்டுங்க.

தூக்கமருந்து:
ஐக்யூ 11லயே நின்னா லெவல் ஏறும்போது புது மந்திரம் கத்துக்கற வாய்ப்பு குறையுமே?

பிட்டுக்குப்_பிட்டு:
குறையும். ஆனா லெவல் 1ல செத்தவன் ஒரு மந்திரமும் கத்துக்க மாட்டான். முதல்ல உயிரோட இருக்கட்டும்.

மாடிப்படி_மன்னன்:
ஃபைட்டர், ஃபைட்டர், மேஜ், ப்ரீஸ்ட், ஃபைட்டர், ஃபைட்டர். உருவாக்கின வரிசையிலயே வச்சேன். தீஃப் (திருடன்) இல்ல, அவன் அடிக்க மாட்டான்னு எடுக்கல. பெட்டியை ஃபைட்டர்தான் திறக்கறான். காசு 300 கிட்ட.

கிராஃப்_பேப்பர்:
மேஜ் மூணாவது இடத்துல.

மேஜ். மூணாவது இடத்துல.

பேய்ப்பிடாரி:
திட்டாதீங்க சார், ஆட்டத்துக்குள்ள யாரும் இதைச் சொல்லித் தர்றதில்ல. @மாடிப்படி_மன்னன், முதல் மூணு பேர்தான் கைச்சண்டைல இருக்காங்க. எதிரியோட வாள் அவங்க மூணு பேரைத்தான் தொடும். பின்னாடி மூணு பேரை வாளால தொட முடியாது, அவங்களாலயும் யாரையும் தொட முடியாது. உங்க கடைசி ரெண்டு ஃபைட்டரும் வாளைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கறாங்க, நாலே நாலு உயிர்ப்புள்ளி இருக்கற மேஜ் முன்னாடி நின்னு அடி வாங்கறான். கேம்ப் போட்டு ரீ-ஆர்டர் பண்ணுங்க: ஃபைட்டர், ஃபைட்டர், ஃபைட்டர், ப்ரீஸ்ட், தீஃப், மேஜ். முன்னாடி ஒருத்தன் விழுந்தா அவன் கடைசிக்குப் போயிடுவான், நாலாவது ஆள் முன்வரிசைக்கு வருவான். அதான் நாலாவதுல ப்ரீஸ்ட். மேஜ் ஆறாவதுல.

நாலாவது ஃபைட்டரை விடுவிச்சிட்டு தீஃபை எடுங்க. ஹாபிட் இனம் நல்லது, அஜிலிட்டி 10, லக் 15லயே ஆரம்பம். தீஃப் பெட்டியைச் சோதிச்சா பொறி எதுன்னு சரியா சொல்ற வாய்ப்பு அஜிலிட்டி மாதிரி ஆறு மடங்கு, உச்சம் 95 சதவீதம். ஃபைட்டருக்கு வெறும் அஜிலிட்டி அளவுதான். அதாவது பத்துல ஒண்ணு. மீதி ஒம்பது தடவை தப்பாப் போகலாம்: விஷ ஊசி, கேஸ் பாம். விஷம் ஏறினா நடக்க நடக்க உயிர் குறையும். அதை எடுக்கற லட்டுமோஃபிஸ் நாலாம் படி ப்ரீஸ்ட் மந்திரம், கடைல மருந்தா வாங்கினா 300. உங்க மொத்தக் காசும் போச்சு. தீஃப் வர்ற வரைக்கும் பெட்டியைத் தொடாதீங்க.

போல்டாக்_கடன்காரன்:
லெவல் ஏறாதது எதுக்குன்னு இன்னும் யாரும் சொல்லலயே. ஃபைட்டருக்கு ரெண்டாம் லெவல் 1000, ப்ரீஸ்ட்டுக்கு 1050. 1180ன்னா ரெண்டு பேருமே ஏறியிருக்கணும்.

பிட்டுக்குப்_பிட்டு:
ஒரே கேள்வி: விடுதில யாரைத் தங்க வைக்கறீங்க?

மாடிப்படி_மன்னன்:
மேஜும் ப்ரீஸ்ட்டும். குதிரை லாயம் இலவசம், மந்திரம் நிறையும். ஃபைட்டருக்கு மந்திரம் இல்லையே, எதுக்கு? ப்ரீஸ்ட் டியோஸ் மந்திரம் போட்டு உயிர் ஏத்திடுவான்.

பிட்டுக்குப்_பிட்டு:
அங்கதான் சிக்கல். பக் இல்ல. எக்ஸ்பீரியன்ஸ் சேர்ந்தா மட்டும் லெவல் ஏறாது, விடுதில ஒரு ராத்திரி தங்கினாத்தான் ஏறும். அதுவும் ஒவ்வொரு ஆளும் தனித்தனியா போகணும். ப்ரீஸ்ட் தூங்கினான், ஏறினான். ஃபைட்டர் தூங்கவே இல்ல. இப்பவே எல்லாரையும் லாயத்துல படுக்க வைங்க.

லாயம்னு நீங்க தேர்ந்தெடுத்தது மட்டும் ரொம்பச் சரி. 10 காசு கட்டிலுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு உயிர்ப்புள்ளி, 500 காசு ராஜ அறைக்கு வாரத்துக்கு 10. காசும் போகும், வாரக்கணக்குல வயசும் ஏறும். லாயத்துல உயிர் ஏறாது, ஆனா மந்திரம் நிறையும், வயசும் கரையாது. அதனால சுற்று இப்படி: லாயத்துல ப்ரீஸ்ட் தூங்கணும், தளத்துக்குள்ள ஓரடி வச்சு கேம்ப் போட்டு டியோஸ், திரும்பவும் லாயம். எல்லாரும் நிறையற வரைக்கும் இதே.

லெவல் ஏறும்போது உயிர்ப்புள்ளி மொத்தமும் புதுசா உருட்டப்படும். பழசைவிடக் கம்மியா விழுந்தா பழசோட 1 சேர்ப்பாங்க. சில லெவலுக்கு ஒண்ணுதான் ஏறும், பயந்துடாதீங்க.

பேய்ப்பிடாரி:
எல்லாரும் லெவல் 3 தொட்டதும் மர்ஃபி பேய். முதல் தளத்துலயே ஒரு சிலை அறை இருக்கு. தேடவான்னு கேக்கும், ஆமான்னா பேய் வரும். அடி கொசுக்கடி மாதிரி, ஆனா உயிர் அதிகம், உங்க வாள் பாதி தடவை தவறும். பொறுமையா வெட்டுங்க. ஒரு பேய்க்கு 4450. ஆறு பேர் உயிரோட இருந்தா ஆளுக்கு 741. ஏழு பேய்ல 5124 தாண்டும், அது ஃபைட்டருக்கு அஞ்சாம் லெவல். வெளிய போய் திரும்பி வந்தா மறுபடி இருக்கும்.

முக்கியம்: ப்ரீஸ்ட்டை டிஸ்பெல் பண்ண (பேயை விரட்ட) விடாதீங்க. பேய் மறையும், எக்ஸ்பீரியன்ஸ் ஒண்ணும் வராது.

கிராஃப்_பேப்பர்:
ஒரே அறைல நின்னு பேயை மாவாட்டறதெல்லாம் ஆட்டமா? 20க்கு 20 கட்டத் தளத்தைப் பேனா பிடிச்சு வரைஞ்சு கத்துக்கறதுக்குத்தான் இது இருக்கு. அப்புறம், இன்னும் வெர்ஷன் சொல்லல.

மாடிப்படி_மன்னன்:
ஃபேமிகாம். எமுலேட்டர்ல (கம்ப்யூட்டர்ல பழைய மெஷின் மாதிரி ஓட்டற மென்பொருள்).

பிட்டுக்குப்_பிட்டு:
ஐயோ. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தல. அப்போ செயின் மெயில் வாங்காதீங்க.

ஃபேமிகாம் பதிப்புல பேர் போன ஒரு பிழை இருக்கு: நம்ம ஆட்களோட ஏசி கணக்குலயே வராது. திரைல 10லேர்ந்து 4க்கு இறங்கும், ஆனா எதிரி அடிக்கறப்போ அதை யாரும் பாக்கறதில்ல. பிளேட் மெயில் 750 கொடுத்தாலும் அம்மணமா நின்னாலும் ஒரே அடிதான். ஏசியைக் குறைக்கற போர்ஃபிக், மாபோர்ஃபிக், மோக்ரெஃப் மந்திரமும் அதே கணக்கு. வாளுக்கு மட்டும் செலவு பண்ணுங்க, லாங் சோர்டு 25. மீதிய வைங்க, லெவல் 1 ஆளைக் கோயில்ல எழுப்ப 250 கேப்பாங்க. இந்தப் பதிப்புல உங்களைக் காப்பாத்தறது உயிர்ப்புள்ளியும் கட்டினோவும்தான்.

தூக்கமருந்து:
நான் முதல்லயே சொன்னேன் 😌

போல்டாக்_கடன்காரன்:
என் பதிவு முழுக்க வீணா? ஆப்பிள்லயும் 2024லயும் அது சரிதானே?

பிட்டுக்குப்_பிட்டு:
முழுக்கச் சரி. 2024 பதிப்புக்குள்ள ஓடறதே பழைய ஆப்பிள் நிரல்தான். அங்க கவசம்தான் முதல் செலவு.

கிராஃப்_பேப்பர்:
கவசம் வேலை செய்யாத ஒண்ணை விசார்ட்ரின்னு எப்படிச் சொல்றது? ஆட்டத்தை உருவாக்கின க்ரீன்பர்க்கும் உட்ஹெட்டும் எழுதினது அது இல்ல. மூலத்தை ஆடுங்க.

குட்டிச்சாத்தான்77:
மூலத்துல பக் இல்லையா? பிஷப்ங்கற வகை ஆள் ஒம்பதாவது பொருளை அடையாளம் காணப் போனா எக்ஸ்பீரியன்ஸ் கோடிக்கணக்குல கொட்டுச்சே. அதுதான் சுத்த விசார்ட்ரியா?

கிராஃப்_பேப்பர்:
அதை யாரும் பயன்படுத்தணும்னு கட்டாயம் இல்லையே. கவசம் போடாம யாராவது ஆட முடியுமா?

பேய்ப்பிடாரி:
ஃபேமிகாம்ல முடியும் போல இருக்கே, இப்போதானே சொன்னாங்க 😂

குட்டிச்சாத்தான்77:
எமுலேட்டர்தானே, சேவ் ஸ்டேட் போட்டுக்கங்க. செத்தா பின்னாடி போயிடலாம். இவ்வளவு கணக்கு எதுக்கு?

கிராஃப்_பேப்பர்:
அப்போ ஆடவே வேண்டாம், யூடியூப்ல பாத்துக்கலாம். சாவு உடனே எழுதப்படறதாலதான் ஒவ்வொரு கதவையும் திறக்கறதுக்கு முன்னாடி யோசிக்கறோம்.

தூக்கமருந்து:
அந்தக் காலத்துலயே டிஸ்க்கை நகல் எடுத்து வச்சுக்கிட்டு ஆடினவங்க உண்டு. ஃபேமிகாம்ல ஆள் விழுந்ததும் ரீசெட் பட்டனை அழுத்தினவங்களும் உண்டு. சேவ் ஸ்டேட் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

கிராஃப்_பேப்பர்:
நாலு பேர் பண்ணாங்கன்னா சரியாயிடுமா?

போல்டாக்_கடன்காரன்:
ரெண்டு பேரும் தனி இழை தொடங்குங்களேன். @மாடிப்படி_மன்னன் என்ன ஆச்சு? ஆளையே காணோம்.

பேய்ப்பிடாரி:
இன்னொண்ணு, அவர் வந்தா படிக்கட்டும். மொத்தப் பார்ட்டியும் தளத்துல விழுந்தா ஆட்டம் முடிஞ்சிடல. உடல்கள் அங்கயே கிடக்கும். புதுப் பார்ட்டி போய் அதே இடத்துல தேடித் தூக்கிட்டு வரணும். ஆறு இடமும் நிரப்பிக்கிட்டுப் போனா தூக்க இடமிருக்காது. மூணு பேர் போனா மூணு உடல். எங்க விழுந்தாங்கன்னு தெரியணுமே, அதனால மேஜ் டுமாபிக் (இடம் காட்டற மந்திரம்) கத்துக்கிட்டதும் அப்பப்போ போட்டு கிழக்கு எத்தனை, வடக்கு எத்தனைன்னு குறிச்சு வைங்க.

கிராஃப்_பேப்பர்:
கிராஃப் பேப்பர்ல.

மாடிப்படி_மன்னன்:
எல்லாரையும் லாயத்துல போட்டேன், மூணு ஃபைட்டரும் ஒரே நேரத்துல லெவல் 2. வரிசை மாத்தினேன். தீஃப் எடுத்தாச்சு. மூணு நாள்ல எல்லாரும் 4, பேயை ரெண்டு தடவை முடிச்சாச்சு. நன்றி. செயின் மெயில் ரெண்டு வாங்கினப்புறம்தான் பதிலைப் பாத்தேன்.

போல்டாக்_கடன்காரன்:
வித்துடுங்க. கடைக்காரன் பாதி விலை தருவான், 45.