வெளிநாட்டில் எடைக்குறைப்பு ஆபரேஷன்: போனவர்களும் போகாமல் நின்றவர்களும் சொல்லுங்கள்

நீலாம்பல்

ஸ்லீவ், அதான் வயித்துல பெரும்பகுதியை வெட்டி எடுத்துட்டு ஒல்லியான குழாயா விடற எடைக்குறைப்பு ஆபரேஷன், பண்ணிக்கலாம், அதுவும் வெளிநாட்டுல பண்ணிக்கலாம்னு ஏறக்குறைய முடிவுக்கு வந்தாச்சு. உயரத்தையும் எடையையும் வெச்சுப் பார்க்கற பி.எம்.ஐ. 41, சர்க்கரை இருக்கு, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. இதெல்லாம் என்னன்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வீடியோ கால்தான் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியோட ஒருங்கிணைப்பாளர்னு ஒரு பெண் பேசினாங்க. அன்பாத்தான் பேசினாங்க. ஏர்போர்ட்டுக்கு கார், ஹோட்டல், கூட வர்றவங்களுக்குப் படுக்கை, எல்லாத்துக்கும் பதில் தயாரா இருந்துச்சு. வருஷக்கணக்கா நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போடறேன், ஸ்லீவ் ஒத்துக்குமான்னு கேட்டேன். எடை குறைஞ்சா அதுவும் போயிடும்னாங்க. சர்ஜன்கிட்ட பேசணும்னேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து பார்ப்பார்னாங்க.

கடைசியா, வீடு திரும்பின பிறகு ராத்திரி ரெண்டு மணிக்கு வயிறு வலிச்சா யாரைக் கூப்பிடறதுன்னு கேட்டேன். அதுவரைக்கும் என் முகத்தைப் பார்த்துப் பேசிட்டு இருந்தவங்க குனிஞ்சு காகிதத்தைப் புரட்ட ஆரம்பிச்சாங்க. ஒரு பக்கம், இன்னொரு பக்கம், மறுபடி முதல் பக்கம். அப்புறம் "வாட்ஸாப்ல மெசேஜ் போடுங்க, நாங்க பார்ப்போம்"னாங்க.

வீட்டுல எல்லாரும் போன்னுதான் சொல்றாங்க. முன்பணம் கட்டச் சொல்லி தினமும் மெசேஜ் வருது. போய் வந்தவங்களும் வேண்டாம்னு நின்னவங்களும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.

கரையோரம்

என் அக்காவுக்கு நடந்தது. அவளும் ஸ்லீவ்தான். போனாள், வந்தாள், முதல் சில நாள் திரவ உணவோடு நன்றாகவே இருந்தாள்.

ஒரு சாயங்காலம் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் கட்டியிருந்த வாட்ச் இதயத்துடிப்பை 128 என்று காட்டுகிறது. நடக்கவில்லை, படி ஏறவில்லை. வாட்ச் பழுது என்றாள். என் வாட்சைக் கழற்றிக் கட்டினேன், அதிலும் 130. காய்ச்சல் இல்லை. இடது தோளில் மட்டும் ஒரு வலி, படுத்த விதம் சரியில்லை போல என்றாள்.

எமர்ஜென்சிக்கு அழைத்துப் போனோம். டூட்டி டாக்டர், வயிற்றை எவ்வளவு வெட்டினார்கள், தையல் வரிசையை எப்படிச் சோதித்தார்கள், ஆபரேஷன் நோட்ஸ் எங்கே என்று அடுக்கிக் கேட்டார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தாள். சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, மாத்திரைப் பெயர்கள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. அந்தக் காலிப் பக்கத்தை அவர் பார்த்தபடி நின்றதுதான் இன்றுவரை எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

சி.டி. ஸ்கேனில் லீக், அதாவது தையல் வரிசை விட்டு வயிற்றில் இருப்பது வெளியே கசிகிறது. உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் மேல்முனையில், ஸ்லீவில் வழக்கமாக லீக் ஆகும் அதே இடத்தில். சீழ் வடியக் குழாய், கசிவை மூட உள்ளே ஸ்டென்ட் குழாய், மூக்கு வழியாக உணவு, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம், பிறகுதான் தேறினாள். ஆபரேஷன் செய்த இடத்துக்கு நான் அனுப்பிய மெசேஜ்களுக்கு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

நீலாம்பல், உங்கள் ராத்திரி ரெண்டு மணிக் கேள்விதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் கிடைக்காமல் பணம் கட்டாதீர்கள்.

செங்காந்தள்

கரையோரம், உங்கள் அக்கா தேறி வந்ததில் உண்மையிலேயே நிம்மதி. ஆனால் லீக் என்பது வெளிநாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. கைதேர்ந்த சர்ஜன் செய்தாலும் நூற்றில் ஒருவருக்கோ கொஞ்சம் கூடவோ வரத்தான் செய்கிறது. உங்களைக் கைவிட்டது அந்த ஆஸ்பத்திரி. அதை வைத்து எல்லா நாட்டையும் எடைபோட வேண்டாம்.

நான் போனவள். சொந்த ஊரில் காத்திருப்போர் பட்டியல் நகரவே இல்லை, மூட்டு தாங்கவில்லை, கிளம்பிவிட்டேன். கேட்டுப் போனது ஸ்லீவ். அங்கே போனதும் வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு எண்டோஸ்கோபி செய்தார்கள். அறைக்கு சர்ஜனே வந்தார், என் கட்டிலில் கிடந்த பேக்கேஜ் தாளை எடுத்து அதன் ஓரத்தில் பேனாவால் வரைந்தார். உதரவிதானத்தில் ஒரு துளை, அதன் வழியே மேலே ஏறியிருக்கும் வயிறு, புண்பட்ட உணவுக்குழாய். "நீங்கள் கேட்டு வந்த ஆபரேஷனை உங்களுக்கு நான் செய்யமாட்டேன்" என்றார். இரைப்பை பைபாஸ், அதாவது வயிற்றின் மேலே சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பது, செய்யலாம், வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தருகிறோம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஒரு டாக்டர் எனக்கு முடியாது என்று சொல்லி, அதற்காகவே அவரை நான் நம்பியது அன்றைக்குத்தான்.

பைபாஸ் செய்துகொண்டேன். சர்க்கரை மாத்திரை நின்றது, இரவில் மாட்டிக்கொள்ளும் மூச்சு மெஷினும் நின்றது.

நீலாம்பல், நெஞ்செரிச்சல் பற்றி உங்களுக்குக் கிடைத்த பதில் சரியில்லை. ஸ்லீவில் வயிறு ஒல்லியான குழாயாகிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடும், பலருக்கு அமிலம் மேலேறுவது அதிகமாகும். சிலருக்கு அதற்காகவே பின்னால் பைபாஸாக மாற்ற வேண்டி வருகிறது. எண்டோஸ்கோபி பார்க்காமல் "போயிடும்" என்று சொல்வதற்கு அந்தப் பெண் டாக்டரா?

வெள்ளிச்சரம்

எனக்கு ஆபரேஷன் தேதியே குறிச்சாச்சு. பெட்டி கட்டற நேரத்துல எடை குறைக்கற ஊசி பத்தி டாக்டர் சொன்னார். போகல, ஊசி ஆரம்பிச்சேன், இறங்குது. என் கதை இவ்வளவுதான்.

ஆனா சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. இன்னிக்கு யாரும் ஊசியை முயற்சி பண்ணாம கத்திக்குப் போகக்கூடாது. செமாக்ளூடைடுங்கற ஊசிக்கு 2021ல உடல் எடைக்குன்னு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. 68 வார ஆய்வுல சராசரியா 15 சதவீதம் எடை குறைஞ்சிருக்கு. டிர்செபடைடுங்கற இன்னொரு ஊசிக்கு 2023ல கிடைச்சுது, அதிக டோஸ்ல 20 சதவீதத்துக்கு மேலயும் போயிருக்கு. ஸ்லீவ்ல வயித்துல முக்கால் பங்குக்கு மேல வெட்டி வெளிய எடுத்துடறாங்க, அது திரும்ப வராது. ஊசி ஒத்துக்கலைன்னா நிறுத்திடலாம். தசை கரையாம இருக்க புரதம் கூட்டணும், வெயிட் தூக்கற பயிற்சி செய்யணும், தூக்கம் ஏழு மணி நேரம் வேணும். டோஸை மெதுவா ஏத்தணும். முதல்ல குமட்டும், பயப்படக்கூடாது. தைராய்டுல மெடுல்லரிங்கற வகை கேன்சர் குடும்பத்துல யாருக்காவது இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும். கணையம் வீங்கின வரலாறு இருந்தா அதையும் சொல்லணும். ஆன்லைன்ல மலிவா கிடைக்குதுன்னு வாங்கவே வாங்காதீங்க. இதையெல்லாம் பார்த்து முடிச்சுட்டு அப்புறம் வெளிநாட்டைப் பத்தி யோசிக்கலாமே.

கரையோரம்

நீலாம்பல் கேட்டது ஊசி பற்றி அல்ல. ஊசியை நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்ப வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 41 பி.எம்.ஐ.யோடு சர்க்கரையும் இருப்பவருக்கு ஆபரேஷன் அவசியமா என்ற வாதமே தேவையில்லை. 2022ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 35க்கு மேலிருந்தாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், ஆபரேஷனைப் பரிந்துரைக்கிறது. ஆசிய உடல்வாகுக்கு அந்த எல்லை இன்னும் கீழே. எங்கே செய்வது என்பதுதான் கேள்வி.

செங்காந்தள், உங்கள் சர்ஜன் நல்லவர், ஒப்புக்கொள்கிறேன். போவதற்கு முன்பே அவர் அப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பேக்கேஜ் தாளில் அது எழுதியிருக்காதே.

இரவுப்பணி

நான் வார்டு நர்ஸ். இந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு பெண் வந்தார். வெளிநாட்டில் பைபாஸ், திரும்பி வந்து வாரக்கணக்கில் வாந்தி. "முதல்ல அப்படித்தான் இருக்கும்னு படிச்சோம்" என்றார் கூட வந்த கணவர். நான் தெர்மாமீட்டரை நீட்டினேன். அந்தப் பெண் அதை வாங்கக் கை நீட்டினார், விரல்கள் அதற்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தன. மறுபடி முயன்றார், மறுபடி காற்று. "ரெண்டா தெரியுது சிஸ்டர்" என்றார். எழுந்து நிற்கச் சொன்னால் கால் அகட்டி வைத்துத் தள்ளாடினார்.

உடம்பு தளர்ந்திருக்கிறதே என்று குளுகோஸ் டிரிப் எடுத்து வைத்திருந்தோம். சீனியர் டாக்டர் உள்ளே வந்தவர் கண்ணைப் பார்த்தார், டிரிப்பைப் பார்த்தார், "முதலில் தயமின். அதற்கு முன்னால் ஒரு சொட்டு குளுகோஸ் போகக்கூடாது" என்றார். தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைந்து மூளையைத் தொட்டிருந்தது. உடம்பில் பி1 இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்ந்த நேரத்தில் குளுகோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதையும் அது எரித்துவிடும். அவருக்குப் பார்வை சரியானது. டிஸ்சார்ஜ் ஆகும்போதும் நடை முழுதாகத் திரும்பியிருக்கவில்லை.

அவரிடம் வைட்டமின் சீட்டு இருந்தது. வாந்தியில் எந்த மாத்திரையும் நிற்காது என்றும், தொடர் வாந்தி வந்தால் காத்திருக்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்ள ஓட வேண்டும் என்றும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் அறையில் எந்தப் பிழையும் இல்லை, தையல் அழகாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்க ஆளில்லை.

கடைசி இருக்கை

எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகி சீக்கிரமே திரும்பற மாதிரி அவங்களே டிக்கெட் போட்டுட்டாங்க. நடு சீட். பாதி வழியில காலைக் காட்டினார். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சாக்ஸ் ரப்பர் பதிஞ்ச தடம் ஆழமா இருந்துச்சு, இன்னொரு கால்ல அந்தத் தடமே இல்லை. இறங்கினதும் நேரா ஆஸ்பத்திரி, ரத்தக்கட்டி. நுரையீரலுக்குப் போகல, கடவுள் புண்ணியம்.

வயித்து ஆபரேஷனுக்கு அப்புறம் குறைஞ்சது 10 நாள் விமானம் ஏறாதீங்கன்னு அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. சொல்லுது. டிக்கெட்டை நீங்களே போடுங்க, தேதி மாத்தற டிக்கெட்டா போடுங்க. நடைபாதை ஓர சீட் வாங்குங்க. ரத்தம் உறையாம இருக்கற ஊசி எத்தனை நாள், வீட்டுக்கு வந்து தொடரணுமா, யார் போடறது, கேட்டு எழுதி வாங்குங்க. அழுத்தக் காலுறை போடுங்க. பெட்டியைத் தூக்காதீங்க. கூட ஆள் இல்லாம போகவே போகாதீங்க.

ஆழ்கிணறு

என்னைக் கூப்பிட்டது ஆபரேஷனுக்கு அல்ல, எடை குறைய வயிற்றில் போடும், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசிக்கு. "கத்தியே இல்லை, மறுநாளே சுற்றிப்பார்க்கலாம்" என்றார்கள். பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான், 2023 மார்ச்சில், துருக்கியில் அதே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு பாட்டுலிசம், அதாவது அந்த ஊசியில் உள்ள நச்சால் வரும் தசைச் செயலிழப்பு, வந்த செய்தி வெளியானது. பல நாடுகளுக்குத் திரும்பிப் போன பிறகு அவர்களுக்குத் தசை தளர்ந்து, சிலர் ஐ.சி.யூ. வரை போனார்கள். அன்றைக்கே வேண்டாம் என்று மெயில் அனுப்பினேன். அவர்கள் அனுப்பிய பதிலில் அந்தச் செய்தியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, புதுத் தள்ளுபடி மட்டும் இருந்தது.

செங்காந்தள் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. லீக் எங்கும் வரலாம், சரி. ஆனால் 2018-19ல் மெக்சிகோவின் டிஹுவானாவில் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்து அமெரிக்கா திரும்பியவர்களுக்கு, எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத சூடோமோனாஸ் கிருமி தொற்றியதை சி.டி.சி.யே எச்சரிக்கையாக வெளியிட்டது. திரும்பி வந்து காய்ச்சல் என்றால், எந்த நாட்டில் ஆபரேஷன் என்பதை முதல் வாக்கியமாக டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் எந்தக் கிருமியைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும்.

செங்காந்தள்

கரையோரம் கேட்டதற்குப் பதில். முன்பே தெரியும் என்று சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் சர்ஜனோடு நேரடி கால் கேட்டேன், கிடைத்தது. லீக் ஆனால் என்ன செய்வீர்கள், மறு ஆபரேஷன் செலவு யாருடையது என்று கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார். நான் போட்டிருந்த இன்ஷூரன்ஸில், தானாக விரும்பிச் செய்துகொள்ளும் ஆபரேஷனின் பின்விளைவுக்கு இடமில்லை என்று சிறு எழுத்தில் இருந்தது. அதையும் படித்துவிட்டுத் தனியாக வேறொன்று எடுத்தேன்.

நீலாம்பல்

எல்லாருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா எழுதினதை வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்.

சர்ஜனோட நேரடி கால் வேணும்னு இன்னிக்குக் காலையில எழுதினேன். முன்பணம் வந்ததும் ஏற்பாடு பண்றோம்னு பதில். அந்த இடத்துக்கு நான் போகல. ஆபரேஷனே வேண்டாம்னு சொல்லல, வெள்ளிச்சரம் தப்பா எடுத்துக்காதீங்க. முதல்ல இங்கயே எண்டோஸ்கோபிக்கு நேரம் வாங்கியாச்சு.

செங்காந்தள், ஒண்ணு கேட்கணும். திரும்பி வந்த பிறகு உங்க ரத்தப் பரிசோதனையெல்லாம் யார் பார்க்கறாங்க? நான் கேட்ட ரெண்டு டாக்டருமே, வெளியில பண்ணிட்டு வந்தா நாங்க பொறுப்பெடுக்க மாட்டோம்னுட்டாங்க.

செங்காந்தள்

என் குடும்ப டாக்டர். அவரும் முதலில் தயங்கினார். நான் கிளம்புவதற்கு முன்பே, அங்கே என்ன செய்யப்போகிறார்கள், பிறகு என்னென்ன பார்க்க வேண்டும் என்று சர்ஜனிடம் கடிதமாக வாங்கிவந்து கொடுத்தேன். பி12, இரும்பு, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன். முதல் வருஷம் அடிக்கடி, பிறகு வருஷம் ஒருமுறை, ஆயுள் முழுக்க. இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை எழுதித்தரக்கூடாது, பைபாஸ் இணைப்பில் புண் வரும். பித்தப்பைக் கல் வராமலிருக்க முதல் ஆறு மாதம் ஒரு மாத்திரை. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் சரி என்றார். அது இப்போதும் அவர் ஃபைலில் முதல் தாளாக இருக்கிறது.

மறுக்கும் டாக்டர்களிடம் வெறுங்கையோடு கேட்காதீர்கள், கடிதத்தோடு கேளுங்கள். அந்தக் கடிதத்தை எழுதித்தர மறுக்கும் சர்ஜனை நீங்களும் விட்டுவிடுங்கள்.