கரண்ட் போய் வந்தால் ஆபீஸ் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது

கேள்வி: கொட்டகலைத்தூறல்

வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட நிர்வாக ஆபீஸ், 45 பேருக்கு மின்னஞ்சல். பழைய சேர்வர் ஒன்றில் ஹைப்பர்-வி (ஒரே மெஷினில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடுது. அதுக்குள்ள இரண்டு விஎம் (மெய்நிகர் கணினி): ஒன்று ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலர் (சுருக்கமா டிசி, ஆபீஸ் கணக்குகளும் கடவுச்சொற்களும் இருப்பது அதில்), மற்றது லினக்ஸில் போஸ்ட்பிக்ஸும் (அஞ்சலை அனுப்பிப் பெறுவது) டவ்கொட்டும் (அஞ்சல்பெட்டியைத் திறந்து காட்டுவது). டவ்கொட் எல்டாப்ஸ் (எல்டாப் என்ற கணக்குத் தேடும் முறையின் பாதுகாப்பான வடிவம்) வழியாக, 636ஆம் போர்ட்டில், அந்த டிசியிடம் கேட்டுத்தான் கடவுச்சொல்லைச் சரிபார்க்குது. இரண்டாவது டிசி நுவரெலியா கிளையில் இருக்கு, விபிஎன் ஊடாக.

இப்ப பின்னேர மழையோட இடி மின்னல், கரண்ட் கட். ஜெனரேட்டர் பேக்டரிக்கு மட்டும்தான், ஆபீஸுக்கு வராது. யூபிஎஸ் தீர்ந்து சேர்வர் அணைந்து, திரும்ப வந்த பிறகு எல்லாருக்கும் அவுட்லுக் கடவுச்சொல் கேட்குது. சரியாகக் கொடுத்தாலும் ஏற்காது. டவ்கொட்டை நாலைந்து தடவை ரீஸ்டார்ட் செய்தாச்சு. லாக்கில் வருவது இது:

ஜன 1 00:14:07, எல்டாப் இணைப்புத் தோல்வி, சேர்டிபிகேட் இஸ் நொட் யெட் வேலிட்.

சிலருக்கு ஷெயார் போல்டரும் திறக்காது. ஹோஸ்ட் மெஷினில் (இரண்டு விஎம்மையும் ஓட்டும் அந்தச் சேர்வரில்) தேதி மாறிக் கிடக்கும், அதை ஒவ்வொரு முறையும் பெரிய கிளாக்கர் ஐயா போனைப் பார்த்துத் திருத்திவிடுவார், அது வேறு விஷயம். தேயிலை ஏல வாரத்தில் புரோக்கர்மாரின் மின்னஞ்சல் தவறினால் பெரிய சிக்கல். மின்னஞ்சல் சேர்வரை மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1: பதுளைவலை

தம்பி, அது வேறு விஷயம் இல்லை, அதுதான் விஷயம். நீங்க ஒட்டின லாக் வரியையே பாருங்க. ஒக்டோபரில் எழுதுறீங்க, லாக் ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி 14 நிமிடம் என்கிறது. மதர்போர்ட் கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய் அங்கிருந்து ஓடத் தொடங்கியிருக்கு. டிசி தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் வழங்கப்பட்ட நாள் அந்தத் தேதிக்குப் பிறகு. அதனால "இது இன்னும் செல்லுபடியாகல" என்று மின்னஞ்சல் விஎம் சொல்லுது. பிழை மின்னஞ்சல் சேர்வரில் இல்லை, மாற்ற வேண்டாம்.

காரணம் மதர்போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பெற்றரி. பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை அந்தக் கடிகாரத்துக்குப் பவர் சப்ளையிலிருந்தே மின்சாரம் போகும், பெற்றரி செத்திருந்தாலும் தெரியாது. முழுசாகப் போனால்தான் தெரியும். மல்டிமீட்டரில் பாருங்க: புதுசு 3 வோல்ட்டுக்கு மேல காட்டும். 2.7க்குக் கீழே என்றால் யோசிக்காம மாத்துங்க.

மாற்றும் முன் பயோஸ் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைங்க. முக்கியமா டிஸ்க் கன்ட்ரோலர் ரெய்டில் (பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டும் முறை) இருக்கா ஏஎச்சிஐயில் (டிஸ்க்கைத் தனித்தனியா ஓட்டும் முறை) இருக்கா, விஎம் ஓடத் தேவையான வேர்ச்சுவலைசேஷன் ஆன் நிலையில் இருக்கா என்று. பெற்றரியைக் கழற்றினதும் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போகலாம். ரெய்ட் ஏஎச்சிஐ ஆகிவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாது, டிஸ்க் போச்சு என்று பயந்துவிடுவீங்க. பிறகு ஷட்டவுன், பவர் வயரைக் கழற்றி பவர் பட்டனை 10 விநாடி அழுத்துங்க, கூட்டல் குறி மேலே வர புதுசைப் போடுங்க.

அடுத்தது ஷெயார் போல்டர். அது கெர்பரோஸ், விண்டோஸ் டொமைனில் உள்நுழைவைச் சரிபார்த்து டிக்கெட் என்ற அனுமதிச் சீட்டைக் கொடுக்கும் முறை. கணினிக்கும் டிசிக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிக்கெட் கிடைக்காது. ஹோஸ்ட்டில் நேரவலயம் என்ன என்று பாருங்க. 1996இல் நம்ம இலங்கை நேரம், யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை விட எவ்வளவு முன்னால் என்ற கணக்கில், முதலில் 6:30, பிறகு 6:00 ஆனது, 2006 ஏப்ரலில்தான் 5:30க்குத் திரும்பியது. பழைய விண்டோஸ் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர 6:00 என்றே கிடந்தது. வலயம் 6:00 ஆக இருக்கும்போது போனைப் பார்த்து மணியைத் திருத்தினால் திரையில் நேரம் சரி, உள்ளே யூடிசி 30 நிமிடம் பிழை. கெர்பரோஸ் பார்ப்பது யூடிசியைத்தான்.

டிசியில் டபிள்யூ32டிஎம் என்ற விண்டோஸ் நேரக் கட்டளையால் நேரம் எங்கிருந்து வருது என்று கேளுங்க. "லோக்கல் சிமோஸ் கிளாக்" அல்லது "விஎம் ஐசி டைம் சிங்க்ரனைசேஷன் புரொவைடர்" என்று பதில் வந்தால் அது வெளி மூலத்தைப் பார்க்கவே இல்லை. பிடிசி எமுலேட்டர் பொறுப்பில் உள்ள (டொமைன் முழுவதுக்கும் நேரம் தரும்) டிசிக்கு மட்டும் வெளி என்டிபி (இணையத்தில் சரியான நேரம் தரும் சேவை) மூலங்கள் மூன்று கொடுங்க, ரவுட்டரில் யுடிபி 123 வெளியே போக விடுங்க, மற்றதெல்லாம் டொமைனிடமிருந்து நேரம் எடுக்கட்டும். ஹைப்பர்-வியில் டிசி விஎம்முக்கான நேர ஒத்திசைவு டிக் குறியை எடுத்துவிடுங்க. எடுத்தாலும் பூட் ஆகும் கணத்தில் ஹோஸ்ட்டின் நேரத்தைத்தான் வாங்கும், அதனால பெற்றரி மாற்றாமல் முடியாது. டிசியில் விண்டோஸ் நேரச் சேவை 48 மணிக்கு மேற்பட்ட வித்தியாசத்தைத் தானாகத் திருத்தாது. வருடக்கணக்கில் பின்னால் போனால் என்டிபி இருந்தும் பயனில்லை என்பது இதனாலதான்.

பதில் 2: அஞ்சல்_வழி

நேரம் பற்றி மேலே சொன்னது சரி. மின்னஞ்சல் பக்கத்தில் சில விடயங்கள்.

முதலில் மனதை ஆற்றுங்கள், புரோக்கர் மின்னஞ்சல் தொலையவில்லை. பெறுநர் பெயரை எல்டாப்பில் தேட முடியாதபோது போஸ்ட்பிக்ஸ் 451 என்று தற்காலிக மறுப்பைத்தான் அனுப்பும். அனுப்பிய சேர்வர் வரிசையில் வைத்துத் திரும்ப முயலும், போஸ்ட்பிக்ஸின் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை. பதற்றத்தில் யாராவது பெறுநர் பட்டியலை மாற்றி 550 போக வைத்தால்தான் ஆபத்து. அது நிரந்தர மறுப்பு, அஞ்சல் அந்தக் கணமே திருப்பி அனுப்பப்படும். அவுட்லுக்கில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்தால் ரத்து செய்யச் சொல்லுங்கள். போஸ்ட்பிக்ஸ் லாக்கில் 454 என்றால் சரிபார்க்கும் சேர்வர் கிடைக்கவில்லை, 535 என்றால் கடவுச்சொல்தான் பிழை. 454 வரும் நேரத்தில் 45 பேரும் கடவுச்சொல்லை மாற்றத் தொடங்கினால் மறுநாள் அது தனிக் குழப்பம்.

டவ்கொட்டை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆத் கேஷை (சரிபார்த்த உள்நுழைவுகளைச் சிறிது காலம் நினைவில் வைக்கும் வசதி) போட்டால், டிசி விழுந்தாலும் அண்மையில் உள்நுழைந்தவர்களுக்குக் காலம் கடந்த பதிவை வைத்தே டவ்கொட் வழிவிடும். அந்தக் கேஷ் இருப்பது நினைவகத்தில், ரீஸ்டார்ட் செய்தால் அழிந்துவிடும். உங்களைப் போன்ற ஆபீஸுக்கு 10 எம்பி தாராளம், காலம் 1 மணி. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடினால் அவருடைய கேஷ் பதிவையும் கையால் அழிக்க வேண்டும், இதை மறக்க வேண்டாம்.

எல்டாப் அமைப்பில் இரண்டு டிசியையும் எழுதுங்கள், ஹட்டன் முதலில், நுவரெலியா பிறகு. நெட்வேர்க் டைம்அவுட்டை 3 விநாடி வையுங்கள். வைக்காவிட்டால் பதில் தராத முதல் டிசிக்காக லினக்ஸ் கிட்டத்தட்ட 2 நிமிடம் காத்திருக்கும், அதற்குள் அவுட்லுக் கைவிட்டுவிடும். மின்னஞ்சல் விஎம்மின் டிஎன்எஸ் (கணினிப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) அமைப்பு இரண்டு டிசிகளையும் காட்டட்டும், ரவுட்டரை அல்ல.

கேள்வி கேட்டவர்: கொட்டகலைத்தூறல்

நன்றி அண்ணே. பெற்றரி 1.9 வோல்ட். ஹோஸ்ட் வலயம் 6:00, டாக்கா. இரண்டையும் மாத்தியாச்சு, ஷெயார் போல்டர் திறக்குது. ஒரு சந்தேகம்: நுவரெலியா டிசியை முன்பே எழுதியிருந்தால் தப்பியிருப்போமா?

பதில் 2: அஞ்சல்_வழி

இல்லை. ஜனவரி 1 என்று நம்பியது மின்னஞ்சல் விஎம், அது நுவரெலியாவின் சான்றிதழையும் அதே காரணத்தால் தள்ளியிருக்கும். அந்த விஎம்முக்கும் குரோனி (லினக்ஸில் என்டிபி வழியாக நேரத்தைத் திருத்தும் நிரல்) போட்டு, பூட் ஆனதும் நேரத்தை ஒரே பாய்ச்சலில் திருத்த மேக்ஸ்டெப் வரி இருக்கிறதா பாருங்கள்.

பதில் 3: லிந்துலை_யூபிஎஸ்

இரண்டு விஎம்மும் ஒரே நேரத்தில் எழும்ப விடாதீங்க. ஹைப்பர்-வியில் தானியங்கித் தொடக்கத் தாமதம் டிசிக்கு 0, மின்னஞ்சலுக்கு 300 விநாடி. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரை ஹோஸ்ட்டில் குத்தி, சார்ஜ் 40 சதவீதத்துக்கு இறங்கும்போதே ஒழுங்கான ஷட்டவுன் நடக்க வைங்க. திடீரென்று அணைவது ஆக்டிவ் டைரக்டரி தரவுத்தளத்துக்குக் கூடாது.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் ஆபீஸ் மூடியிருக்கும்போது சோதியுங்க: டிசி விஎம்மின் நெட்வேர்க்கை மட்டும் துண்டித்து, அதுவரை உள்நுழையாத ஒரு கணக்கில் புதுசாக உள்நுழையுங்க. 10 விநாடிக்குள் நுவரெலியா வழியாக வந்தால் சரி. வராவிட்டால் விபிஎன்னில் 636 திறந்திருக்கா என்று முதலில் பாருங்க.