பாஸ்போர்ட்டும் சம்பளமும் தர மறுக்கிறார்கள், வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வெல்டராக இருக்கும் என் தம்பி, அம்மாவின் உடல்நிலை காரணமாக, ஒப்பந்தப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து ராஜினாமா செய்தான். நோட்டீஸ் காலம் முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. கடைசி இரண்டு மாதச் சம்பளமும் பணிக்கொடையும் வரவில்லை; பாஸ்போர்ட்டும் நிறுவனத்திடமே இருக்கிறது. "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்டு, தொகை எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்ட ஒரு தாளை நீட்டி, கையெழுத்திடாவிட்டால் ஓடிப்போனதாகப் புகார் கொடுப்போம் என்று மிரட்டுகிறார்கள். அவன் இன்னும் கேம்ப் அறையில்தான் இருக்கிறான், கையெழுத்திடவில்லை.

அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி, பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்பதும், ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் பாக்கி முழுவதையும் தர வேண்டும் என்பதும், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு என்பதும் எனக்குத் தெரியும். 50,000 திர்ஹம் வரையிலான கோரிக்கைகளில் மனிதவள அமைச்சகமே முடிவெடுக்கலாம் என்பதையும் அறிவேன். நடைமுறைதான் புரியவில்லை.

முதலில் அமைச்சகத்தில் புகார் கொடுப்பதா, இந்தியத் துணைத் தூதரகத்தை அணுகுவதா? நாம் புகார் கொடுத்த பிறகு அவர்கள் ஓடிப்போனதாகப் பதிவு செய்தால், அதை நீக்க எந்த ஆதாரங்கள் வேண்டும்? முத்திரையிட்ட ராஜினாமா நகலும், சம்பளம் நின்றுபோனதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரமும் கைவசம் உள்ளன. வழக்கு முடியும் முன்பே அவன் ஊருக்கு வர நேர்ந்தால், யார் பெயரில், எப்படி அதிகாரப் பத்திரம் கொடுப்பது? இதைக் கடந்து வந்தவர்களும் அங்குள்ள வழக்கறிஞர்களும் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.