தோகோங்: ‘போதிகையடுக்கு’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

பண்டைச் சீன மரக்கட்டடங்களில் தூணின் தலைக்கும் கூரைக்கும் இடையே அமையும் தோகோங் என்னும் உறுப்புக்குத் தமிழ்ப் பெயராக இங்கே முன்மொழியப்பட்ட சொற்களில் ‘தாங்கி’, ‘போதிகை’ இரண்டையும் அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உள்ளது. சுமை தாங்குவன எல்லாமே தாங்கிகள்தாம். அச்சொல் இவ்வுறுப்பைத் தனித்துச் சுட்டாது. போதிகை மிக நெருங்கி வருகிறது. நம் கோயில்களில் தூணின் பலகைக்கு மேலும் உத்திரத்துக்குக் கீழும் அமைவது அது. போதிகையின் வடிவைக் கொண்டு பல்லவர் பணியா சோழர் பணியா என்று கணிப்பதுபோலவே, தோகோங்கின் அளவையும் அமைப்பையும் கொண்டு சீனக் கட்டடங்களின் காலத்தைக் கணிக்கிறார்கள். ஆயினும் போதிகை பெரும்பாலும் ஒற்றைக் கல். தோகோங்கின் இயல்போ அடுக்கு.

தூணின் உச்சியில் ஒரு சதுரக் கட்டை இருக்கும். அதன் மேற்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய காடிகளில், கீழ்விளிம்பு வில்போல் வளைந்த கைகள் ஒன்றையொன்று வெட்டி அமரும். கைகளின் நுனியில் சிறு கட்டைகள், அவற்றின்மேல் இன்னும் நீண்ட கைகள் என்று வெளிநோக்கி விரிந்து, சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பான இறவாரத்தை ஏந்தும். ஒரு மரத்தின் முனையான கழுந்து மற்றொன்றின் பள்ளமான காடியில் பொருந்துவதே பிணைப்பு என்பதால், நிலநடுக்கத்தின்போது மூட்டுகள் சற்றே அசைந்து அதிர்வைத் தணிக்கின்றன. சீனாவில், தாங் அரசமரபின் காலத்தில், 857இல் கட்டப்பட்ட ஃபோகுவாங் கோயிலின் கிழக்கு மண்டபத்தில் இவ்வடுக்கின் உயரம் தூணின் உயரத்தில் ஏறத்தாழப் பாதி. இறவாரம் ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நீள்கிறது. இதைப் ‘போதிகையடுக்கு’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

உறுப்புகளுக்கும் தனிச்சொற்கள் வேண்டும். ‘தோ’ என்பது சீனத்தில் தானியம் அளக்கும் முகத்தலளவை. கட்டையின் வடிவம் அந்த அளவுகலனை ஒத்திருப்பதால் அப்பெயர். நம்மிடம் மரக்கால் உண்டு, ஆனால் கட்டடப் பேச்சில் அது மரத்தூணாகவே காதில் விழும். அதே அளவையின் மற்றொரு பெயரான குறுணியைக் கொண்டு ‘குறுணிக்கட்டை’ எனலாம். ‘கோங்’ என்பதைக் ‘கைமரம்’ என்றால் கூரையின் சாய்மரத்தோடு குழம்பும், ‘ஏந்துகை’ நன்று. 1103இல் வெளியான ‘யிங்ஸாவ் ஃபாஷி’ என்னும் அரசின் கட்டட நூல், இந்த ஏந்துகையின் உயரமும் அகலமும் 15:10 ஆக அமைந்த குறுக்குவெட்டையே அடிப்படை அலகாக்கி, எட்டுத் தரங்களாகப் பிரித்து, கட்டடத்தின் மற்ற அளவுகளை அதிலிருந்து பெறச் சொல்கிறது. அவ்வளவு முதன்மையான உறுப்பைப் பெயரில்லாமல் விட முடியாது.

அலங்கார உறுப்பு என்னும் பொருளில் இங்கே வந்த ‘அணிப்போதிகை’ என்ற பரிந்துரையை மட்டும் உறுதியாக மறுக்கிறேன். பிற்கால மிங் அரசமரபின் ஆட்சியில் பொதுமக்கள் தம் வீடுகளில் தோகோங் வைக்கச் சட்டம் தடை செய்தது. அரண்மனைகளில் அது சிறுத்து, நெருங்கி, தகுதியைக் காட்டும் அடையாளமாகவும் அணியாகவும் மாறியது உண்மைதான். ஆனால் பிற்காலத் தோற்றத்தைப் பெயரில் பொறித்தால், கூரையையே சுமந்த தாங் காலத்து அடுக்குக்கு அப்பெயர் பொய்யாகிவிடும்.

மீதமிருப்பது இவ்வடுக்கில் அமையும் ‘ஆங்’ என்னும் சாய்ந்த மரம். அதன் உள்முனையைக் கூரையின் எடை அழுத்த, வெளிமுனை இறவாரத்தை ஏந்துகிறது. ‘சாய்நெம்பு’ என்று எழுதிப் பார்த்தேன். தச்சர்களின் வழக்கில் இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால், அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.