ஜெனரல் ட்சோ சிக்கன் யாருடைய உணவு?

கரண்டி:
அமெரிக்கச் சீன உணவகங்களுக்குப் போனால் ஜெனரல் ட்சோ சிக்கன் என்னும் இனிப்பும் காரமும் கலந்த பொரித்த கோழியைத்தான் விரும்பி உண்கிறேன். "அது சீன உணவே அன்று" என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். அன்று என்றே வைத்துக்கொள்வோம். அதை நான் ஏன் ஒளித்து உண்ண வேண்டும்?

மிளகுத்தூள்:
ஒளிக்க வேண்டாம், பெயர்தான் உறுத்துகிறது. அந்தப் பெயருக்குரிய ட்சோ சீனாவின் ஹூனான் மாகாணத்துத் தளபதி; 1885இல் மறைந்த அவர் இதைக் கண்ணாலும் கண்டதில்லை. ஹூனானில் பிறந்த சமையற்கலைஞர் பெங் சாங்-குவெய் 1950களில் தைவானில் இதை உருவாக்கியபோது, காரமும் புளிப்பும் உப்பும் தூக்கலாக இருந்ததே தவிர இனிப்பு இல்லை. நியூயார்க்குக்கு வந்த பிறகே சோளமாவில் பொரித்த கோழி சர்க்கரைப் பாகில் மூழ்கியது.

கரண்டி:
அமெரிக்க நாவுக்காகச் செய்முறையை மாற்றியவர்களில் அந்தப் பெங்கும் ஒருவர் அல்லவா? படைத்தவரே மாற்றிக்கொண்டதை நாம் எந்த உரிமையில் குறை சொல்வது? மேலும், நீங்கள் மூலம் என்று சொல்வதே ஊரை விட்டு வந்தவர் தைவானில் சமைத்ததுதான்.

மிளகுத்தூள்:
அவரே பின்னாளில் ஹூனானின் தலைநகரான சாங்ஷாவில் உணவகம் திறந்து இதைப் பரிமாறினார். இனிப்பு மிகுதி என்று உள்ளூர்க்காரர்கள் ஏற்கவில்லை, கடையும் நிலைக்கவில்லை. அந்த மண்ணின் தளபதி பெயரைச் சூட்டிய உணவை அந்த மண்ணே ஏற்காததற்கு என்ன சொல்கிறீர்கள்?

வழிப்போக்கன்:
இருவரும் நாவைப் பற்றியே பேசுகிறீர்கள், பிழைப்பை மறந்துவிட்டீர்கள். 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்தது. அது நீக்கப்பட்டது 1943இல்தான். ஏற்கெனவே அங்கிருந்தவர்களில் பலர், வேறு வேலைகளில் தங்களைச் சேர்க்காத ஊர்களில், சலவைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்துப் பிழைத்தார்கள். வாடிக்கையாளருக்குப் பிடித்ததைக் கிடைத்த பொருளில் சமைத்தார்கள். இறைச்சியையும் காய்களையும் கலந்து வதக்கும் சாப் சூயி பரவியது அப்படித்தான். பெங் வருவதற்கு வெகு முன்பே போடப்பட்ட பாதை அது.

மிளகுத்தூள்:
அவர்களின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பாகுக்கே பழகியவர்கள், ஹூனான்காரர் ஒருவர் புளித்த மிளகாயோடு மீன்தலையை அவித்து வைத்தால், தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். என் மனத்தாங்கல் அதுதான்.

கரண்டி:
மீன்தலையையும் உண்பேன், அழைத்துப் போங்கள். இனிப்பு மிகுதி என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சென்ற வாரம் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னபோது, பாகைக் காலையிலேயே காய்ச்சி வைத்துவிட்டதாகச் சொல்லிச் சமையற்காரர் சிரித்தார். தட்டில் நான்கு காய்ந்த மிளகாய்களைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.